சூடாக்கி விற்றவள்

என் அத்தை வீட்டில் நான் ஒரு நாளும் ஆறிய சோறு சாப்பிட்டதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. குழம்பு முந்தாநாள் வைத்ததாக இருக்கும். அடியில் ஒட்டினதைச் சுரண்டி, புளித்தண்ணீர் விட்டு, கொதிக்கக் கொதிக்க இறக்கி, ஆவி பறக்கும்போதே தட்டில் ஊற்றிவிடுவாள். அவ்வளவு சூட்டில் நாக்குக்கு எதுவும் தெரியாது. வாய் வெந்துபோகும், கண்ணில் தண்ணீர் முட்டும், "நல்லாக்கீது அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். வீட்டுக்கு வந்து வயிறு கடமுடா என்னும்போதுதான் குழம்பின் வயசு தெரியும்.

அவள் என் அப்பாவுடன் பிறந்த தங்கை. பெயரை எழுதப்போவதில்லை. ஆள் போய்ச் சேர்ந்தாகிவிட்டது, ஆனால் அவள் மகள் பெரம்பூரில் இருக்கிறாள். எழுதினால் ஆட்டோ பிடித்து வந்து என் வாசலில் நின்று கத்துவாள். எனக்குச் சண்டை வராது, யாராவது சத்தமாகப் பேசினாலே நெஞ்சு படபடக்கும். கேஸ் அடுப்பை மூடிவிட்டுத் தெருமுனை வரை போய், மறுபடி திரும்பி வந்து பார்க்கிறவள் நான்.

திருவொற்றியூரில், விம்கோ நகருக்குப் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி அவளுடைய தகர ஷெட் இருந்தது. பழைய மிஷின் வாங்கி விற்கிற கடை. தண்ணி மோட்டார், வெல்டிங் மிஷின், டிரில் எல்லாம் கிடக்கும். ஆனால் அந்தப் பக்கம் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மரம் அறுக்கிற மிஷின். பெட்ரோல் போட்டு, கயிற்றை இழுத்தால் செயின் ஓடி அறுக்குமே, அது. பெரிய புயல் அடித்த வருஷம் ஊரில் ரோட்டுக்கு ரோடு மரம் விழுந்து கிடந்தது. கையில் நாலு காசு இருந்தவன் எல்லாம் அந்த மிஷினை வாங்கினான். மரத்தை எல்லாம் அள்ளி முடித்த பிறகு அவனவன் வீட்டுப் பரண்மேல் துருப்பிடித்துக் கிடந்தது. அத்தனையையும் அத்தை காயலான் கடை விலைக்கு அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் விற்கிற விதம் இது. தெரு திரும்புகிற இடத்தில் ஒரு டீக்கடை. அந்த டீக்கடைக்காரர் அவளுக்கு வேண்டப்பட்டவர். மிஷின் பார்க்க ஆள் வந்தால் அந்த வழியாகத்தான் வர வேண்டும், வந்தால் வழி கேட்க வேண்டும். அவர் நிதானமாக வழி சொல்லி, ஒரு டீயும் குடிக்க வைத்து, இந்தப் பக்கம் போன் போட்டுவிடுவார். அந்த டீ தீர்வதற்குள் அத்தை புடவையைத் தூக்கிச் செருகி, மிஷினைக் காலால் மிதித்துக்கொண்டு, கயிற்றை இழு இழு என்று இழுத்து ஓட வைத்துவிடுவாள். வருகிறவன் உள்ளே நுழையும்போது மிஷின் பூனை மாதிரி கர் கர் என்று ஓடிக்கொண்டிருக்கும்.

"வா நைனா. இப்பதான் ஒருத்தன் பாத்துட்டுப் போனான். ஏடிஎம்முக்குப் போயிகீறான், வந்துகினே இருப்பான். நீ முந்திக்கினா உனுக்கு."

நிறுத்திவிட்டு மறுபடி இழுக்கச் சொல்வாள். ஓடிச் சூடான மிஷின் ஒரே இழுப்பில் கிளம்பும். வந்தவன் முகம் மலர்ந்துவிடும். அதுவே ராத்திரி முழுக்கச் சும்மா கிடந்து ஆறிப்போயிருந்தால், தோள்பட்டை கழன்று விழுகிற வரை இழுத்தாலும் இருமும், கிளம்பாது. அதை அவன் தன் வீட்டுக்குப் போய்த்தான் தெரிந்துகொள்வான்.

திரும்பிச் சண்டைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அத்தை அசர மாட்டாள். "நான் ஓட்டிக் காட்டுனேனா இல்லியா? உன் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுனேன். உன் வூட்டுக்குப் போயி அது படுத்துக்கினா அதுக்கு உன் வூட்டு ராசி, நான் இன்னா பண்ணுவேன்?"

எதற்கும் அவள் சொல்கிற ஒரே வார்த்தை: "ஆறுனா எவன் வாங்குவான்?"

இந்த வார்த்தையை எனக்கும் சொல்லியிருக்கிறாள். எட்டாவது முடித்த லீவில் அப்பாவிடம், "பொண்ணு படிச்சுகினே இருந்தா ஆறிப்பூடும்ணா. சூட்டோட நிறுத்து, மாப்ள பாக்கலாம்" என்றாள். நிறுத்தினார்கள். மாப்பிள்ளை ஒன்றும் உடனே வந்துவிடவில்லை. அதுவரை காசிமேட்டில் இறால் உரிக்கிற ஷெட்டுக்குப் போனேன். ஐஸில் கை வைத்து வைத்து என் விரல் நுனியெல்லாம் வெளுத்து மரத்துப்போனது. அந்த விரலை வைத்துக்கொண்டு நான் வேறு என்ன படித்திருக்க முடியும் என்று இப்போதும் சில நாள் யோசிப்பேன்.

அவள் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று எங்கள் தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேரைக் காலையிலேயே கூட்டி உட்கார வைத்தாள். எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. தெருமுனையில் கார் வந்து நின்றது என்று போன் வந்ததும் கையைத் தட்டினாள்.

"சிரிங்கடி."

"இன்னாத்துக்கு?"

"வூடு ஜில்லுனு கெடக்கக் கூடாது. வர்றவன் வாசல்ல கால் வெக்கும்போது உள்ள சிரிப்புச் சத்தம் கேக்கணும். சிரிங்கன்றேன்ல."

சிரித்தோம். அவள் முகத்தைப் பார்த்துச் சிலருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே அந்தப் பெண் விடிய விடிய அழுது முகம் வீங்கிக் கிடந்தாள். சுடுதண்ணீரில் துண்டை முக்கி அவள் கன்னத்தில் ஒத்தி ஒத்தி எடுத்து, சிவக்க வைத்து, கொண்டுவந்து உட்கார வைத்தாள் அத்தை. "பொண்ணுக்கு வெட்கம்" என்றார்கள் வந்தவர்கள். கல்யாணம் முடிந்தது. அந்தப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்காதீர்கள்.

மாமாவைப் பற்றி எழுதாமல் தாண்டிப் போகத்தான் நினைத்தேன். முடியாது.

மாமா மரம் அறுக்கிறவர். ரோட்டில் விழுகிற மரங்களை வெட்டி எடுக்கிற ஒரு கான்ட்ராக்ட்காரரிடம் வேலை. அவருக்கென்று சொந்தமாக ஒரு மிஷின் இருந்தது. ஆரஞ்சு கலர், கனமானது, செயின் சுற்றி ஓடுகிற இரும்புப் பட்டை நீளமானது. கடையில் இருக்கிற எதையும் தொடுவார், அந்த ஒன்றை மட்டும் வேறு யாரையும் தொட விட மாட்டார். அதிகம் பேச மாட்டார். நான் போனால், "சாப்ட்டியா?" என்பார். அது ஒன்றுதான் கேட்பார், ஆனால் பதில் சொல்கிற வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எண்ணூர்ப் பக்கம் சாம்பலும் புகையும் தின்று தின்று அவருக்கு நெஞ்சு கெட்டுப்போனது. ஒரு வருஷம் மழைக்காலம் பிறக்கும் முன்னே படுத்துவிட்டார். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், உதடு நீலமாகும்.

மழைக்கு முன்னால் கான்ட்ராக்ட்காரரின் ஆள் வீடு வீடாக வந்து யார் யார் வேலைக்குத் தேறுவார்கள் என்று பார்ப்பான். அவன் வருகிற அன்று நான் அங்கே இருந்தேன். அத்தை விடியும் முன்னே எழுந்து அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றினாள். மாமாவைச் சுடச்சுடக் குளிப்பாட்டினாள். நெஞ்சிலும் முதுகிலும் தைலத்தைத் தேய்த்தாள். மிளகு தட்டிப் போட்ட கஷாயத்தை ஊற்றினாள். பிறகு கையைப் பிடித்து முற்றத்தில் நடக்க வைத்தாள், முகத்தில் ரத்தம் ஏறுகிற வரை. டீக்கடையிலிருந்து போன் வந்ததும் நாற்காலியில் உட்கார வைத்துக் கையில் பேப்பரைக் கொடுத்தாள். வந்தவன் பார்த்தான். "இன்னா அண்ணே, மாப்ள கணக்கா கீற. ஒடம்புக்கு முடிலன்னு சொன்னாங்க?" என்றான். மாமா சிரித்தார். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்று சிரிப்போடு நிறுத்திக்கொண்டார்.

முதல் மழையில் கூப்பிட்டு அனுப்பினார்கள். ரோட்டில் சாய்ந்து கிடந்த ஒரு வேப்பமரத்தை அறுத்துக்கொண்டிருந்தவர், கொஞ்சம் உட்கார்கிறேன் என்று அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கூட வேலை செய்தவர்கள் அவரை ஒரு வண்டியிலும் மிஷினை ஒரு வண்டியிலும் கொண்டுவந்து இறக்கினார்கள். அன்றைக்கு அத்தை அழுததை நான் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அவளைக் காணவில்லை என்று தேடினார்கள். கடைக்குள் இருந்தாள் என்று யாரோ சொன்னார்கள். பொணத்தை வீட்டில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறாள் பார் என்று ஊரே காறித் துப்பியது. நானும்தான்.

இவ்வளவு தெரிந்தும் அவளிடம் மிஷின் வாங்கினோமா என்று கேட்பீர்கள். வாங்கினோம். என் வீட்டுக்காரர் மணலியில் கான்ட்ராக்ட் வேலை போனபிறகு மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தார். அடுத்தவர் மிஷினில் கூலிக்கு அறுப்பதை விட, சொந்தமாக ஒன்று இருந்தால் நல்லது என்று ஆசைப்பட்டார். யாரையும் சந்தேகப்படத் தெரியாத மனுஷன். "உன் அத்தை உனுக்கே டூப்பு குடுக்குமாம்மே? கம்முனு வா" என்று கூட்டிப்போனார். நாங்கள் உள்ளே நுழையும்போது மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"தொடாத மாப்ள, சுட்டுடும்" என்று அன்பாகச் சொன்னாள் அத்தை.

அதை எடுத்துக்கொண்டு போய் மணலி புதுநகர் பக்கம் ஒரு காலி மனையில் நின்ற புளியமரத்தில் வைத்தார். கிளையெல்லாம் சரியாகத்தான் வந்திருக்கிறது. அடிமரத்தில் பாதி தூரம் போய், வைரம் பாய்ந்த நடுப்பகுதியைத் தொட்டதும் மிஷின் திக்கித் திக்கி நின்றுவிட்டது. பாதி அறுத்த மரத்தின் கீழே குனிந்து கயிற்றை இழுத்திருக்கிறார். மறுபடி இழுத்திருக்கிறார். கடல் பக்கமிருந்து ஒரு காற்று அடித்ததாம். மேலே சடக் என்று ஒரு சத்தம். குதித்ததால் உயிர் தப்பினார். தோள்பட்டையில் காறை எலும்பு ரெண்டாக உடைந்தது.

பிறகு ஒரு மெக்கானிக் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உள்ள பிஸ்டன் பூரா கீறல்மா. கெட்டி ஆயில உள்ள ஊத்தி, சூடாக்கி ஓட்டிக் காமிச்சிருக்காங்க. முருங்க, வாழைன்னா அறுக்கும். வைரத்துல ஏறினா அந்த ஆயிலும் எரிஞ்சு போயி, மூச்சு நின்னுடும்."

ஆஸ்பத்திரிக்கு அத்தை வந்தாள். டிபன் கேரியர் நிறைய ஆட்டுக்கால் சூப். மூடியைத் திறந்ததும் வார்டே திரும்பிப் பார்த்தது. எல்லார் முன்னாலும் அவர் தலையைத் தடவி, "என் மாப்ளைக்கு நான் வேற மிஷின் தர்றேன். இத்த எடுத்துக்கினு அத்த தர்றேன். யார் தடுப்பா?" என்றாள். துணைக்கு வந்திருந்த என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்துக் கட்டில் கிழவர், "இந்த மாதிரி சொந்தம் யாருக்குக் கெடைக்கும்" என்றார். நான் அந்த சூப்பை வாங்கி வெளியே வராண்டாவில் நாய்க்கு ஊற்றினேன். அது கூட ஆறுகிற வரை காத்திருந்துதான் குடித்தது.

எலும்பு ஒட்டியது. ஆனால் தோள் பழையபடி வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் காசிமேட்டில் படகு கட்டுகிற ஒருவர் வேலை கொடுத்தார். மீஞ்சூர் தாண்டி, கவனிப்பார் இல்லாமல் காடாகிப்போன ஒரு தோப்பு. உள்ளே வயசான கருவேல மரங்கள். படகுக்கு விலா எலும்பு மாதிரி உள்ளே வளைத்துப் போடுகிற கட்டை அதில்தான் கிடைக்கும். வைரம் என்றால் வைரம், ஆணி அடித்தால் ஆணி மடங்கும். மழைக்கு முன்னால் வெட்டிக் கொடுத்தால் வருஷா வருஷம் அவரே கூப்பிடுவார். என் வீட்டுக்காரர் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை பாதி அறுப்பில் மிஷின் நின்றால், இந்தத் தோளை வைத்துக்கொண்டு இவரால் குதித்து ஓட முடியாது.

அதனால் இந்த முறை நான் முடிவு செய்தேன். சொல்லாமல் போக வேண்டும். டீக்கடை வழியாகப் போகாமல் ரயில்வே லைன் ஓரமாகப் பின்பக்கம் போக வேண்டும். போனதும் மிஷினின் சைலன்சரில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் வேண்டாம். இவ்வளவுதான். இதை நான் என் மனசோடு வைத்திருந்திருக்க வேண்டும். மனசில் வைத்துக்கொள்ளத் தெரிந்தால் நான் ஏன் இப்படி இருக்கிறேன். அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். அம்மா வாயில் எதுவும் நிற்காது.

கத்திரி வெயில். பின்பக்கமாகப் போனோம். ஷெட்டுக்குள் அடுப்புக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. வரிசையாகக் கிடந்த மோட்டார்களைத் தாண்டும்போது என் புடவை பட்ட இடமெல்லாம் சுட்டது. அத்தை ஸ்டூலில் உட்கார்ந்து தினத்தந்தி மாதிரி எதையோ மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்பட்டாள். கொஞ்சம் அதிகமாகவே ஆச்சரியப்பட்டாள்.

"இன்னாடி இது, சொல்லாம கொள்ளாம? குடிக்க ஒரு கலர் கூட வாங்கி வெக்கலயே."

மேசைமேல் ஒரே ஒரு மிஷின் இருந்தது. ஓடவில்லை. சும்மா இருந்தது.

"ஓட்டிக் காட்டட்டா?" என்றாள்.

"வேணாம்" என்று சொல்லி நேராகப் போய் சைலன்சரில் கை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். இவரும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சூடே இல்லம்மே. அத்தை இந்த தபா ஒயுங்கா குடுக்குது. இழுத்துப் பாக்கலாம்" என்று கயிற்றை இழுத்தார். ரெண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. அத்தை எங்களைப் பார்க்காமல் சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கையை முழுசாக எடுக்கவில்லை, சைலன்சரிலிருந்து பெட்ரோல் டேங்குக்கு நகர்த்தி வைத்துக்கொண்டேன். எடுத்திருந்தால் அந்த மிஷின்தான் தோப்புக்குப் போயிருக்கும். கையை வைத்தபடி நினைத்தேன்: இந்த வெயிலில், இந்தத் தகர ஷெட்டில், பக்கத்தில் கிடக்கிற மோட்டார் தோசைக்கல் மாதிரி சுடுகிறது. ஸ்டூல் சுடுகிறது. கதவு சுடுகிறது. இது மட்டும் எப்படி ஜில்லென்று இருக்கிறது? இறால் உரித்த விரல் என்னுடையது. இது நிழலில் கிடந்த இரும்பின் குளிர்ச்சி இல்லை. எனக்குத் தெரிந்த குளிர்ச்சி.

மிஷினை அணைக்கச் சொன்னேன். பெட்ரோல் டேங்கின் வெளியே முத்து முத்தாக வியர்த்திருந்தது. குனிந்து முகர்ந்தேன். கைப்பிடிக்கு அடியில், ரப்பர் மடிப்பில், நகத்தால் நெம்பி எடுத்தேன். ஒரு மீன் செதில்.

அதை உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினேன்.

காலையில் ஓட்டி, ஆறினாலும் உடனே கிளம்புகிற மாதிரி கெட்டி ஆயில் ஊற்றி, தயார் செய்து, காசிமேட்டிலிருந்து ஐஸ் வரவழைத்து, சாக்கில் சுற்றி, மீன் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள். மேசைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தால் பெட்டி அங்கேயே கிடக்கிறது, ஐஸ் கரைந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவள் அந்தச் செதிலைப் பார்த்தாள். வெட்கமோ பயமோ ஒன்றும் இல்லை. எரிச்சல்தான் இருந்தது, ஏதோ நான் அவளை ஏமாற்றிவிட்ட மாதிரி.

"சூடா இருந்தா சூடுன்ற. ஜில்லுனு இருந்தா ஜில்லுன்ற. உனுக்கு இன்னாதான்டி வேணும்?"

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நிஜமாகவே சிரித்தார், ஒட்டின எலும்பு வலிக்க வலிக்க. "மிஷினுக்கு ஐஸ் வெச்சுக்கீது பாரும்மே" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சண்டை வராது என்று சொன்னேன் இல்லையா. அன்றைக்கு வந்தது.

"மாமாவையும் இப்படித்தான சூடாக்கி அனுப்பின."

அவர் சிரிப்பை நிறுத்தினார். வெளியே கன்டெய்னர் லாரி போகிற சத்தம் ஷெட்டைக் கொஞ்ச நேரம் உலுக்கியது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றினாள் அத்தை.

"அனுப்பலன்னா இன்னா ஆயிருக்கும்? இந்த மூலைல படுத்துகினு, இருமிகினு, வர்றவன் போறவன்லாம் எட்டிப் பாத்து ப்ச்சுன்னு சொல்லிகினு, அப்டி செத்திருப்பான். அந்தாளு வேலைக்காரன். வேலைக்காரனா போய்ச் சேந்தான். நீ இன்னாத்த கண்ட? ஆறுனா எவன்..."

முடிக்கவில்லை.

அவள் தலைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஆணி. அதில் சாக்குத் துணி சுற்றி ஏதோ தொங்கியது. மேலே தூசு ஒரு விரல் கனம். சாக்குக்குக் கீழே நீளப் பட்டையின் நுனி தெரிந்தது. கடையில் இருக்கிற ஒவ்வொரு மிஷினிலும் அவள் கைரேகை இருக்கும். இதில் தூசு இருந்தது.

"அது வேணும்" என்றேன்.

"அது விக்கிறதுக்கு இல்ல."

"விக்க வேணாம். மாப்ளைக்கு வேற தர்றேன்னு வார்டு பூரா கேக்கச் சொன்னியே. அத்த குடு."

"அது ஓடாது."

"இழுத்துப் பாத்தியா?"

அவள் கையிலிருந்த பேப்பரை மறுபடி மடித்தாள்.

"கடைல கீற எல்லாத்தையும் நாள் பூரா இழுக்கிறியே. இத்த ஒரு தபா இழுத்துப் பாத்தியா அத்தை?"

"எறக்காத மாப்ள" என்றாள் அவரிடம். கெஞ்சல் இல்லை, மிரட்டல். ஆனால் அவர் ஏற்கெனவே நாற்காலி போட்டு ஏறியிருந்தார். சாக்கைப் பிரித்தார். ஆரஞ்சு கலர் மங்கிப்போயிருந்தது. செயின் துருவேறியிருந்தது. நான் சைலன்சரில் கை வைத்தேன். அந்த ஷெட் எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அவர் கயிற்றின் பிடியை மட்டும் பிடித்து மிஷினை அந்தரத்தில் தூக்கினார். உள்ளே இறுக்கம் இல்லாத மிஷின் என்றால் கயிறு சரசரவென்று வெளியே வந்து மிஷின் கீழே போய்விடும். இது அப்படியே தொங்கியது. யோசித்து யோசித்து இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கியது. பிளக்கைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். கெட்டி ஆயில் எதுவும் ஒட்டவில்லை.

"டேங்கு கூட சுத்தமாக் கீதே. பெட்ரோல் அப்டியே உட்டிருந்தா இன்னேரம் உள்ள கோந்து புடிச்சிருக்கும்" என்றார்.

அத்தை வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். முதுகைத்தான் பார்த்தோம்.

"அன்னிக்கே காலி பண்ணிட்டேன்" என்றாள். "பெட்ரோல் பைப்பு இறுகியிருக்கும், மாத்திக்கோ. செயினு புதுசு போடு. எட்த்துகினு போங்க. என் மூஞ்சில முயிக்காதீங்க."

அன்றைக்கு என்பது என்றைக்கு என்று எனக்குப் புரிய வீடு வந்து சேரும் வரை ஆனது. பொணம் வீட்டில் கிடக்க அவள் கடைக்குள் போய் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று. புரிந்த பிறகும் அவள்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. நல்ல மிஷின் அவளிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டுதான் என் புருஷனுக்குக் கெட்டதைக் கொடுத்தாள்.

தோப்புக்கு நானும் போனேன். வேண்டாம் என்றார், கேட்கவில்லை. கருவேல முள்ளும் கொடியும் பின்னிக் கிடந்தது. கூட வேலைக்கு வந்த ஆட்கள் என்னைத் தூரத்தில் ஒரு வரப்பில் உட்கார வைத்தார்கள். அவர் கயிற்றை இழுத்தார். முதலில் இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது. பட்டை மரத்துக்குள் இறங்க இறங்க வெள்ளைத் தூள் போய்ச் சிவப்புத் தூள் வர ஆரம்பித்தது. அதுதான் வைரம். என் கைகள் ரெண்டும் என் காதுப்பக்கம் போயின, ஆனால் பொத்திக்கொள்ளவில்லை. பொத்தினால் நின்றுவிட்டது எனக்குத் தெரியாமல் போகும். சத்தம் கனத்தது, இழுத்தது, ஒரு இடத்தில் கீழே இறங்கியது. நான் எழுந்து நின்றுவிட்டேன். மிஷின் நிற்கவில்லை. மறுபடி ஏறியது. மரம் முனகிக்கொண்டே, ஆட்கள் வடக்கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருந்த பக்கமாகவே சாய்ந்து விழுந்தது.

ரெண்டாவது மரமும் விழுந்த பிறகு, வெயில் உச்சிக்கு வந்தபோது, வண்டிப்பாதையில் அத்தை நடந்து வருவதைப் பார்த்தேன். திருவொற்றியூரிலிருந்து பஸ் மாறி, ஷேர் ஆட்டோ மாறி வந்திருக்க வேண்டும். இடம் யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. அம்மாவைத் தவிர யார். கையில் டிபன் கேரியர் இல்லை. ஒன்றுமே இல்லை. செருப்பில் முள் ஏறி நொண்டிக்கொண்டு வந்தாள்.

யாரும் வா என்று சொல்லவில்லை.

"நின்னுச்சா?" என்றாள்.

"நிக்கல" என்றேன்.

"நடுவுல?"

"எங்கயும் நிக்கல."

அவர் மிஷினை அணைத்து வெட்டின அடிமரத்தின் மேல் வைத்திருந்தார். சைலன்சரைச் சுற்றிக் காற்று நெளிந்துகொண்டிருந்தது. அத்தை பக்கத்தில் போனாள். குனிந்து பார்த்தாள். "அத்தை, சுட்டுடும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளங்கையை முழுசாக அதன்மேல் வைத்தாள்.

சர்ரென்று சத்தம் கேட்டது. உடனே எடுக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. அவர் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுக்கிற வரை வைத்திருந்தாள். முகம் கோணவில்லை. கடையில் மிஷின் வாங்க வந்தவர்கள் முகத்தைப் பார்ப்பாளே, அந்த மாதிரி மிஷினைப் பார்த்தாள்.

அவர் தண்ணீர் கேனைத் தூக்கினார். நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி என் காலடியில் வைத்துக்கொண்டேன். அது குடிக்கிற தண்ணீர். சாயங்காலம் வரை வர வேண்டும். அப்படித்தான் அவரிடம் சொன்னேன். அத்தை எங்கள் ரெண்டு பேரையும் பார்த்துவிட்டு, "மீஞ்சூருக்கு ஆட்டோ எங்க நிக்கும்?" என்று கேட்டாள். கைகாட்டினேன்.

அவள் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த மரத்துக்குப் போய்க் கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பில் கிளம்பியது. அந்தச் சத்தத்துக்காவது திரும்பிப் பார்ப்பாள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வெந்த கையை ஊதக்கூட இல்லை. முந்தானைக்குள் அதைப் பொத்தி வைத்துக்கொண்டு, நொண்டி நொண்டி, வண்டிப்பாதையில் போய்க்கொண்டே இருந்தாள்.